விரலுக்கு ஒரு போட்டோ

லோகனால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. கிள்ளானில் அவன் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அரை மணி நேரத்தில் அது தெரிந்துவிடும். பேச்சின் நடுவே எழுந்துபோய்க் குழாயை இறுக்குவான். மின்விசிறியின் சத்தம் சரியில்லை என்று நாற்காலி போட்டு ஏறுவான். இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. எந்த யந்திரம் எங்கே முனகினாலும் காது அங்கே போய்விடும். வேலை முடிந்து வந்த பிறகும் கைக்கு ஏதாவது வேண்டும். மீன் தொட்டி வைத்தான், தேனீ வளர்த்தான், பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பிரித்துப் போட்டான். எதுவும் நான்கு மாதத்தைத் தாண்டவில்லை. தேனீக்கள் தாமாகவே போய்விட்டன. மோட்டார் சைக்கிள் இன்னும் பிரிந்தேதான் கிடக்கிறது.

செராஸில் பெயர்ப்பலகை செய்துகொண்டிருந்த சீனர் ஒருவரிடம் பழைய சிஎன்சி மெஷின் வாங்கி, காரின் பின்சீட்டை மடக்கி ஏற்றிக்கொண்டு வந்த அன்று, அவன் மனைவி குமுதா வாசலிலேயே நின்று கேட்டாள்.

“இது எத்தனை மாசத்துக்கு?”

“இது வேற மாதிரி லா. கம்ப்யூட்டர்ல போட்டோவ குடுத்தா அப்படியே பலகையில செதுக்கும்.”

“தேனீயும் வேற மாதிரின்னுதான் சொன்னீங்க.”

அலுமினியச் சட்டம், நடுவில் சுழலும் ஒரு மோட்டார், அதன் நுனியில் கூர்மழுங்கிய பென்சில் போல ஒரு பிட். அவ்வளவுதான் மெஷின். கம்ப்யூட்டர் சொல்லும் வழியில் பிட் வரிவரியாக ஓடும். ஓடும்போதே ஏறி இறங்கிப் பலகையைச் சுரண்டும். பக்கத்து மேருவில் சமையலறை மேடை செய்கிற பட்டறை ஒன்றில் வெட்டிப் போட்ட வெள்ளைச் செயற்கைப் பலகைத் துண்டுகளை லோகன் கேட்டு வாங்கி வந்தான். கல் மாதிரி கனம், ஆனால் பிட்டுக்கு இளகிக் கொடுக்கும்.

முதலில் குமுதாவின் படத்தைச் செதுக்கினான். ஆறு மணி நேரம் ஆயிற்று. மெஷினை விட்டு நகர முடியாது. பிட் உடையலாம், பலகை நழுவலாம். ஆறு மணி நேரமும் கார் நிறுத்துமிடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். தூளைத் தட்டி எடுத்துப் பார்த்தபோது பலகையில் மேடும் பள்ளமுமாக என்னவோ இருந்தது. சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்ததும் உள்ளிருந்து குமுதா எழுந்து வந்தாள். மெல்லிய இடத்தில் வெளிச்சம் ஊடுருவியது, தடித்த இடம் இருண்டது, கறுப்பு வெள்ளைப் படமாக முகம் தெரிந்தது.

குமுதா கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். பிறகு, “மூக்குத்தி கூட தெரியுதே” என்றாள்.

இந்தப் பெருமையோடுதான் அவன் அந்த வாரம் பிரிக்பீல்ட்ஸ் போனான். லிஃப்ட் குழிக்குள் குனிந்து குனிந்து அவன் முதுகு போய்விட்டிருந்தது. பதினைந்து நாளைக்கு ஒரு முறை கொமுட்டர் ரயில் பிடித்துச் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, மாடியில் இருக்கும் ஒரு மசாஜ் கடைக்குப் போவான். அங்கே பிடித்துவிடுகிற எல்லாரும் பார்வை இல்லாதவர்கள். அவனுக்கு எப்போதும் செபாஸ்டியன்தான். வயது ஐம்பத்தெட்டு. சுங்கை வே தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். முப்பத்தேழு வயதில் கண் நரம்பு நோய் வந்து, ஒரே வருஷத்தில் பார்வை முழுக்கப் போயிற்று.

“தம்பி, உங்க தோளு ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டேங்குது. எதையோ நினைச்சுக்கிட்டே படுத்திருக்கீங்க” என்றார் செபாஸ்டியன்.

லோகன் மெஷினைப் பற்றிச் சொன்னான். சொல்லச் சொல்ல அவர் கை நின்றுவிட்டது.

“போட்டோவையா? மேடு பள்ளமாவா?”

“ஆமாண்ணே.”

“கையால தொட்டா தெரியுமா?”

“ஏன் தெரியாது? நல்லா தெரியும்ணே.”

யோசிக்காமல் வந்த வார்த்தை. செபாஸ்டியன் ஈரத்துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, தன் மகள் குளோரியாவின் கான்வோ படத்தைப் பற்றிச் சொன்னார். போன வருஷம் பட்டமளிப்பு விழாவில் பட்டம் வாங்கினாள். அப்பாவும் மகளும் சேர்ந்து எடுத்த படம். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்பார்கள். “என் கையிலயும் குடுப்பாங்க தம்பி. வழவழன்னு இருக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது.”

குளோரியா அன்றே படத்தை அனுப்பினாள். லோகன் குமுதாவுக்குச் செய்தது போலவே செய்து, அடுத்த வாரம் துணியில் சுற்றிக்கொண்டு போனான். செபாஸ்டியன் மடியில் வைத்து விரல் பத்தையும் பரப்பினார். மேலிருந்து கீழே ஒரு தடவை. மறுபடி ஒரு தடவை.

“இது என்ன?”

“குளோரியா முகம்ணே.”

“மூக்கு இருக்க வேண்டிய எடத்துல பள்ளம் இருக்கே. பல்லு எல்லாம் குழி குழியா இருக்கு. புருவம் கயிறு மாதிரி நிக்குது.” அவர் குரலில் குறை இல்லை, குழப்பம்தான். “போட்டோவுல இப்படியா இருக்கா எம்பொண்ணு?”

லோகனுக்குக் காது சுட்டது. மெஷினுக்கு மூக்கு என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்தது வெளுப்பும் கறுப்பும்தான். மூக்கு நுனி வெளிச்சத்தில் பளபளத்தால் அங்கே ஆழமாகத் தோண்டும். தலைமுடி கறுப்பு என்றால் மேடாக விட்டுவிடும். கண்ணுக்காகச் செய்த பொய், கையில் பிடிபட்டுவிட்டது.

“நான் வேற மாதிரி செஞ்சு கொண்டாரேண்ணே.”

“பரவாயில்ல தம்பி, விடுங்க.”

அந்த ‘விடுங்க’தான் அவனை விடவில்லை. கிள்ளான் வரும்வரை ரயிலில் நின்றுகொண்டே வந்தான், பாதி இருக்கைகள் காலியாகக் கிடந்தும். மறுநாளிலிருந்து வேலை விட்டு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் போனான். இந்த முறை வெளிச்சத்தை நம்பவில்லை. மௌஸைப் பிடித்துக்கொண்டு, களிமண் பிசைகிற மாதிரி, மூக்கை உயர்த்தினான், கன்னத்தை உருட்டினான், கண்குழியை அமுக்கினான். சந்தேகம் வரும்போது கண்ணை மூடித் தன் முகத்தையே தடவிப் பார்த்தான். அது போதாமல் சமையலறைக்குப் போய்க் குமுதாவின் தாடையைப் பிடித்தான்.

“குழம்பு தாளிக்கும்போது என்னங்க இது?”

“ஒரு நிமிஷம், உதட்டுக்குக் கீழ எவ்ளோ பள்ளம்னு பாக்கணும்.”

படத்தை அத்தனை பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அந்த விஷயம் அவன் கண்ணில் பட்டது. குளோரியா கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்கிறாள். செபாஸ்டியன் கேமராவைப் பார்க்கவில்லை. அவர் முகம் முக்கால்வாசி மகள் பக்கமாகத் திரும்பி, வாய் லேசாகத் திறந்து இருந்தது. பெரிய தவறொன்றும் இல்லை. ஆனால் இதை அவருக்கு யாராவது சொல்லியிருப்பார்களா?

இரண்டாம் நாள் குளோரியாவே போன் செய்தாள். ஒரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தாள். தயங்கித் தயங்கிப் பேசினாள்.

“அங்கிள், ஒரு ஹெல்ப். அப்பா முகத்த மட்டும் கொஞ்சம் நேரா ஆக்கிடுங்களேன். நேரா பாக்குற வேற படம் அனுப்புறேன்.”

“அவருக்குத் தெரியாதா?”

“நான் சொல்லலை. அழகா இருக்கீங்கப்பான்னு மட்டும் சொன்னேன். இப்ப தொட்டுப் பாத்தா மனசு கஷ்டப்படுவார்.”

மகளே சொல்கிறாள், நமக்கென்ன என்று நினைத்துக்கொண்டான். ஆனாலும் அந்த வாரம் முழுக்க ஏதோ ஒரு பிட் சரியாக மாட்டப்படாமல் அதிர்கிற மாதிரி உள்ளுக்குள் இருந்தது. அவள் அனுப்பிய பழைய அடையாள அட்டைப் படத்திலிருந்து நேரான முகத்தை எடுத்து உருட்டி, செபாஸ்டியனின் கழுத்தில் பொருத்தினான். குமுதா பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

“இவரு ஏன் மெழுகு பொம்மை மாதிரி நிக்கிறாரு?”

அவன் எழுந்து போய், ஒழுகாத குழாயை இறுக்கிவிட்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அப்பாவும் மகளும் தங்கள் வீட்டில் இருந்தார்கள். லோகன் அங்கே போய்ப் பலகையைக் கொடுத்தான். மூன்று வகை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தான், விரலில் ஒரு சிராய்ப்பு கூடப் படாது. செபாஸ்டியன் முதலில் மகளிடம் போனார். நெற்றி, மூக்கு, தலையில் சதுரத் தொப்பி, அதிலிருந்து தொங்குகிற குஞ்சம். குஞ்சத்தை இழை இழையாகத் தடவியபோது அவர் முகம் மலர்ந்தது.

“இதான் அந்தத் தொப்பியா? தோசைக்கல்லு மாதிரி தட்டையா இருக்கே!”

பிறகு கை பக்கத்துக்கு நகர்ந்தது. நெற்றி. மூக்கு. வலது காது, இடது காது. இரண்டு காதுகளையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு அப்படியே நிறுத்திவிட்டார்.

“இது யாரு?”

“நீங்கதாம்பா” என்றாள் குளோரியா.

“நான் இப்படி நிக்கலையே. அன்னிக்கு நீ சிரிச்ச. எதுக்கோ பயங்கரமா சிரிச்ச. நான் உன் பக்கம் திரும்புனேன். அப்பதான் போட்டோ எடுத்த ஆளு ஓகேன்னு சொன்னான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.” தலையை லோகன் இருந்த பக்கமாகத் திருப்பினார். “தம்பி, போட்டோவுல இருக்கிறதத்தான் செதுக்குனீங்களா?”

லோகன் எழுந்துவிட்டான். உட்காரவும் முடியவில்லை, வாசலுக்குப் போகவும் முடியவில்லை.

“இல்லண்ணே. மாத்துனேன்.”

“நாந்தாம்பா மாத்தச் சொன்னேன்” என்றாள் குளோரியா.

“ஏன்? வெக்கமா இருந்துச்சா?”

“வெக்கம் இல்லப்பா. கோவம்.” அவள் குரல் உடைந்தது. “அங்கிள் கேமராவ பாருங்கன்னு அந்த ஆளு நாலு தடவ சொன்னான். உங்க கையில கோல் இருக்கிறத பாக்கவே இல்ல. பின்னாடி வரிசையில நின்னவங்க சிரிச்சாங்க. நானும் என்ன செய்யுறதுன்னு தெரியாம சிரிச்சேன். அந்தச் சிரிப்பத்தான் நீங்க கேட்டீங்க. அப்பாவுக்குக் கண்ணு தெரியாதுன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

செபாஸ்டியன் பலகையை மடியிலிருந்து எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தார்.

“இத எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி.”

மூன்று வாரம் லோகன் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகவில்லை. முதுகு வலித்தது. வேலையில் ஒரு லிஃப்ட் கதவின் பூட்டை மாட்டாமல் விட்டுவிட்டு, பாதி வழியில் ஞாபகம் வந்து திரும்ப ஓடினான். யாரும் கேட்காத வேலை என்று தெரிந்தும் கம்ப்யூட்டரைத் திறந்து, படத்தில் இருந்தபடியே அந்த முகத்தைத் திருப்ப ஆரம்பித்தான். நேர்முகத்தை விட இது கஷ்டம். ஒரு கன்னம் முழுக்க வர வேண்டும், மறு கன்னம் மூக்குக்குப் பின்னால் மறைய வேண்டும். ஒரு சனிக்கிழமை காலை செதுக்க விட்டான். ஐந்தாவது மணி நேரத்தில் இடி இடித்து மின்சாரம் நின்றது. மெஷின் தான் எங்கே நின்றோம் என்பதை மறந்துபோனது. மீண்டும் ஓட விட்டபோது செபாஸ்டியனின் வாய்க்குக் குறுக்கே ஒரு கோடு விழுந்திருந்தது. புதுப் பலகை மாட்டி, மறுநாள் முதலிலிருந்து ஆரம்பித்தான்.

“போய்க் குடுத்துட்டு வந்துடுங்க” என்றாள் குமுதா, தூளைப் பெருக்கிக்கொண்டே. “அவரு வாங்கலைன்னா திருப்பிக் கொண்டாங்க. ஆனா போயிடுங்க.”

வேலை நாள் மதியம், ஆள் குறைவான நேரமாகப் பார்த்துப் போனான். செபாஸ்டியன் அவன் செருப்புச் சத்தத்திலேயே அடையாளம் கண்டுகொண்டார்.

“முதுகா, பலகையா?”

“பலகைண்ணே.”

கையை நீட்டினார். இந்த முறை தன் முகத்திலிருந்தே தொடங்கினார். ஒரு காதுதான் இருந்தது. அதன் மடிப்புகளெல்லாம் தெளிவாக இருந்தன. கன்னத்தில் இறங்கி, திறந்த வாய்க்கு வந்து, அங்கிருந்து மூக்கு காட்டிய திசையிலேயே விரலைக் கொண்டுபோனார். விரல் நேராகக் குளோரியாவின் கன்னத்தில் போய் முட்டியது. அங்கேயே வைத்திருந்தார்.

“கிட்டத்தான் நின்னிருக்கேன்” என்றார்.

பிறகு மகளின் வாயைத் தடவினார். “பல்லு வரிசையா தெரியுதே. பல்லு தெரியாம சிரி, சிரின்னு அவ அம்மா செசிலியா தொண்டை கிழியச் சொல்லுவா. சொன்னா கேட்டாத்தானே.”

லோகன் சுவரில் சாய்ந்தான். “குளோரியாகிட்ட பேசுனீங்களாண்ணே?”

“பேசாம எங்க போறது? ஒரு வாரம் ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தோம். அப்புறம் அழுதா. யாரோ சிரிச்சதுக்கு நீ ஒரு வருஷமா தனியா சுமந்தியான்னு கேட்டேன். அப்புறம் நானும் கொஞ்சம் அழுதேன்னு வைங்க.”

அடுத்த கட்டிலருகே இருந்த யுகேந்திரன், அதே கடையில் பிடித்துவிடுகிற இளையவர், கையைத் துழாவிக்கொண்டு வந்தார். “என்ன அண்ணே அது? எனக்கும் குடுங்க, பாப்போம்.” பலகையை வாங்கி விறுவிறுவென்று தடவினார். “இதான் பொண்ணு. இது நீங்க. ஆமா, இது என்ன, உங்க வயிறு இவ்ளோ பெருசா?”

“டேய், அது அவ கவுனு. கவுனு கையி.”

“கவுனுக்கு யாராச்சும் பெல்ட் போடுவாங்களா?”

செபாஸ்டியன் பலகையைப் பிடுங்கித் தானே மறுபடி தடவினார். விரல் ஓரிடத்தில் நின்றது. வயிற்றைக் கொஞ்சம் உள்ளிழுத்துக்கொண்டார். “லோகன் தம்பி, உண்மையச் சொல்லுங்க. இது கவுனா, வயிறா?”

“வயிறுதாண்ணே” என்றான் லோகன். “அதையும் மாத்தலை.”