என் காலடியில் கால் வைத்து வந்தவர்

போன பங்குனியில், இந்தியாவின் மேற்கு எல்லைக்குப் பக்கத்தில், பாலைவனத்துச் சின்ன ரயில் ஊர் ஒன்றில் நடந்தது இது. நான் சுவிஸில் பேர்ண் நகரத்து ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் வேலை செய்கிறேன். பாலைவனம் பார்க்க வேண்டும் என்பது என் நீண்டநாள் ஆசை. மனைவியையும் இழுத்துக்கொண்டு போனேன்.

ரயில் இனிப் பின்னேரம்தான் புறப்படும் என்றார்கள். நல்ல மத்தியானம். வீடுகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. "தூரப் போகாதேங்கோ" என்றாள் மனைவி. நான் எங்கே கேட்டேன்! அவளை ஸ்டேசனில் இருத்திவிட்டுத் தனியே நடந்தேன்.

வீடுகள் முடிந்த இடத்தில் மணலில் வரிசையாகக் கற்கள் கிடந்தன. ஒவ்வொரு கல்லிலும் ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் வெள்ளைப் பூச்சு. சுவிஸ் மலைப்பாதைகளில் சிவப்பு வெள்ளை அடையாளம் பார்த்து நடந்தே பழகிப்போன ஆள் நான். அட, இங்கேயும் நடைபாதை போட்டிருக்கிறார்களே என்று கற்களைத் தாண்டிச் சந்தோசமாக நடந்தேன்.

கொஞ்சத் தூரம் போனதும் முதுகு கூசியது. திரும்பினால், தலைப்பாகை கட்டிய ஒல்லியான மனிதர் ஒருவர். நான் நின்றால் அவரும் நின்றார், நடந்தால் நடந்தார். சத்தமே இல்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை, மணலையே பார்த்தார். கொள்ளைக்காரனோ என்று நினைத்தேன்.

அப்போதுதான் கண்டேன். என் காலடித் தடங்களுக்குள் மட்டுமே அவர் கால் வைத்து வந்தார். இலங்கையில் சண்டைக் காலத்தில் வன்னியில் நாங்களும் இப்படித்தான் நடந்தோம், மிதிவெடி நிலத்தில். கற்களைப் பார்த்தேன். சிவப்புப் பக்கம், வெடி இருக்கும் பக்கம், என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அசையாதே என்று கையைக் காட்டினார். கிட்ட வந்து, மெதுவாகத் திரும்பி, வந்த தடங்களிலேயே எனக்கு முன்னே நடந்தார். காற்று தடங்களை மூடிக்கொண்டிருந்தது. அவர் கால் எடுத்த இடத்தில் நான் கால் வைத்தேன். கல்வரிசையைத் தாண்டியதும் மணலிலேயே குந்தியிருந்து அழுதேன்.

பழைய சண்டை ஒன்றில் புதைத்த மிதிவெடிகளில் சில இன்னும் கிடக்கின்றனவாம். ஸ்டேசனுக்குத் திரும்பியதும் அங்கே இங்கிலிஷ் தெரிந்த தேநீர்க் கடைக்காரர் ஒருவர் சொன்னார். தூரத்திலிருந்தே கத்தியிருக்கலாமே என்று அவர் மூலம் தலைப்பாகைக்காரரிடம் கேட்டேன்.

"கத்தினால் பயந்து ஓடுவீர்கள். ஓடினால் கால் எங்கே படும்?" என்றாராம் அந்த மனிதர்.

முன்பின் தெரியாத ஒருவனுக்காக அந்த மணலில் நான் முதல் அடி வைத்திருப்பேனா என்று இன்றும் என்னையே கேட்கிறேன். ஓம் என்று சொல்ல வாய் வருவதில்லை.