காசிம் பாய் மாட்டிய பருத்த டயர்கள்

செய்தியைக் கொண்டுவந்தவர் காசிம் பாயின் மைத்துனர். இன்று காலையில் நான் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "அக்கா உங்ககிட்ட சொல்லிட்டு வரச் சொல்லிச்சி, டாக்டரம்மா. விடியறதுக்கு முன்னாடியே போய்ட்டாரு" என்றார். எதிர்பார்த்திருந்த செய்திதான். நுரையீரல் இரண்டும் அரித்துப்போன மனிதர் எத்தனை நாள் தாங்குவார் என்பது வைத்தியம் படித்த எனக்குத் தெரியாததல்ல. இருந்தும், எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவளும் பாவம், பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் பல வீட்டுப் பெண்கள், காசிம் பாய் ஓட்டிய என் மோட்டாரில்தான் பிரசவத்துக்குப் போனார்கள். அவரை அறிந்த அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஆறுதல் தேடிப் படிக்க வேண்டாம். என்னிடம் அது இல்லை.

சாந்தோமில் வைத்தியசாலை தொடங்கிய இரண்டொரு வருஷத்தில், ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது விற்ற பழைய மோட்டாரை வாங்கினேன். அதை ஓட்ட வந்தவர் காசிம் பாய். மெல்லிய டயர்கள், காற்றை இறுக்கி அடைத்தால் கட்டை போல இருக்கும். கோட்டூர்ப் பக்கத்து வண்டிப்பாதையில் ஒரு கர்ப்பிணியை ஏற்றி வந்தபோது, பள்ளத்துக்குப் பள்ளம் அவள் கத்தினாள். பாய் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். "இப்டி குலுக்கிக்கினே போனா உள்ள கீற பொம்பள எப்டிமா தாங்கும்? மாட்டு வண்டியே மேலு" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. நிறுத்தினால் மட்டும் வலி நின்றுவிடுமா என்று கடிந்துகொண்டேன்.

அந்த வாரமே பலூன் டயர் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அப்போது அது புதிது. பருமனாக இருக்கும், காற்றைக் குறைவாக அடைத்தாலே போதும், பள்ளத்தில் மெத்தைபோல இறங்கி ஏறும். மவுண்ட் ரோட்டில் வாங்கி வந்து, பழைய சக்கரத்திலேயே மாட்டினார். சக்கரம் முன்பைவிடச் சற்று உயர்ந்து நின்றது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிப் பார்த்தார். என்னைப் பின் ஸீட்டில் உட்காரவைத்துக் கடற்கரைவரை ஓட்டினார். எங்கும் உரசவில்லை. ஸ்டியரிங் மட்டும் கனத்துப்போயிற்று என்றார். "என் கைதானே நோவும். நோவட்டும்."

மீட்டரும் தகராறு செய்தது. சக்கரம் பெரிதானதால் ஒரு சுற்றுக்கு வண்டி அதிக தூரம் போகும். மீட்டருக்கோ சுற்றின் கணக்குதான் தெரியும், ஆகவே குறைத்துக் காட்டும். மைல் கற்களோடு ஒப்பிட்டுப் பார்த்து அவரே இதைக் கண்டுபிடித்தார். ஒருநாள் அடையாற்றுப் பாலத்தருகே ஒரு போலீஸ்காரர் வண்டியை மறித்து, என்ன வேகத்தில் வந்தாய் என்று அதட்டினார். "மீட்டருல இருவது காட்டிச்சிங்க. ஆனா டயர் மாத்திக்கிறேன், அது கம்மியாத்தான் காட்டும். நெசத்துல அதுக்கு மேலதான் வந்துக்கினு இருந்தேன்" என்றார் பாய். இவருக்குப் புத்தி சரிதானா என்று கேட்பதுபோல அந்தப் போலீஸ்காரர் என்னைப் பார்த்தார், போகச் சொல்லிவிட்டார். கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னால் போதாதா என்று நான் எரிந்து விழுந்தேன். "அது பொய் சொல்லுது. நானும் கூட சேந்து சொல்லணுமாமா?" என்றார்.

சில வருஷங்கள் நன்றாகவே ஓடின. வலியோடு ஏறிய பெண்கள் வழியில் கண்ணயர்ந்ததும் உண்டு. பாய்க்கு அதில் வந்த பெருமையைச் சொல்லி முடியாது. பின் ஸீட்டில் சத்தம் இல்லையென்றால், "தூங்குதா?" என்று திரும்பாமலே கேட்பார். அந்தச் சந்தோஷத்தோடு அவர் காலம் முடிந்திருக்கக் கூடாதா என்று இன்று நினைக்கிறேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் தியாகராய நகரிலிருந்து அழைப்பு வந்தது. புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த தெரு. சாலை என்று ஒன்று இன்னும் போட்டிருக்கவில்லை. தலைச்சன் பிரசவம். குழந்தை குறுக்கே கிடந்தது; ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தால்தான் உண்டு. பிரசவத்துக்குப் போகிற பெண்ணோடு வீடே கிளம்புவது நம் ஊர் வழக்கம். அம்மா ஏறினாள், மாமியார் ஏறினாள், நாத்தனார் கூஜாவோடு ஏறினாள், படுக்கைச் சுருட்டோடு புருஷன் முன்னால் ஏறினான். யாரை இறங்கச் சொல்வது? பாயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இத்தனை பேரை அந்த வண்டி அதுவரை சுமந்ததில்லை; பாரத்தில் ஸ்பிரிங் தணிந்து, மட்கார்டு டயரின் மேல் இறங்கிவிட்டது. பள்ளத்துக்குப் பள்ளம் மட்கார்டின் உள்பக்க ஆணி பின் டயரை அறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. தேனாம்பேட்டை தாண்டுவதற்குள் டயர் வெடித்தது.

பாய் டயரை வெறித்துப் பார்த்தது நினைவிருக்கிறது. "வண்டி நெறைய ஆள் ஏத்திப் பாக்கலியேமா" என்றார். சேற்றில் ஜாக்கி புதைந்து புதைந்து போயிற்று. மாற்றுச் சக்கரத்தை மாட்டி, மற்றவர்களை மழையிலேயே விட்டுவிட்டு நாங்கள் போய்ச் சேர அரைமணிக்கு மேல் தாமதம். குழந்தையை உயிரோடு எடுத்தார்கள். அந்தப் பெண் கண் விழிக்கவில்லை.

அவள் புருஷன் பிறகு வந்து, "விதி, பாய். நீங்க என்ன செய்வீங்க?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் போனபின் பாய் என்னிடம், "ரெண்டு அறை விட்டிருந்தான்னா தேவலம்மா" என்றார்.

மறுநாளே பலூன் டயர்களைக் கழற்றிவிட்டுப் பழைய மெல்லிய டயர்களை மாட்டிவிட்டார். பின் ஸீட்டில் மறுபடியும் கத்தல் தொடங்கியது. மட்கார்டைச் சற்று உயர்த்தினால் தீர்ந்தது, யாருக்கு இந்தத் தண்டனை என்று நான் சண்டை போட்டேன். "குலுங்கினாலும் போய்ச் சேரும்மா" என்றார். ஒவ்வொரு கத்தலுக்கும் அவர் தோள் ஒடுங்குவதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். தூங்குதா என்று அவர் பிறகு கேட்டதே இல்லை.

கேட்டது வேறொன்று. மாதம் ஒருமுறையாவது, வண்டியைத் துடைத்துக்கொண்டே கேட்பார்: "அந்த அரைமணி கெடச்சிருந்தா அந்தப் பொண்ணு பொயச்சிருக்குமாமா?" தெரியாது என்பேன். உண்மையாகவே எனக்குத் தெரியாது. வீட்டிலேயே அவள் நாடி தளர்ந்திருந்தது. அதைவிட மோசமாக வந்து பிழைத்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். உன்மேல் தப்பில்லை என்று ஊரே அவரிடம் சொல்லிற்று. "எல்லாரும் சமாதானம் பண்றாங்க. நீங்க ஒருத்தர்தான் தெரியாதுன்றீங்க. அது போதும்" என்பார்.

நேற்று மாலை ராயப்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தலையணையில் ரத்தக் கறை. மனைவி தண்ணீர் எடுக்க நகர்ந்ததும் அதே கேள்வியைக் கேட்டார். மூச்சு வாங்கியதில் பாதிதான் காதில் விழுந்தது. ஆனால் அந்தக் கேள்வி எனக்கு முழுதாகக் கேட்க வேண்டியதில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பிழைத்திருக்க மாட்டாள், பாய். வீட்டிலேயே கைமீறிப் போயிருந்தது. உங்கள் டயரால் ஒன்றும் ஆகவில்லை" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார்.

"இத்தினி வருசமா தெரியாதுன்னுதானேமா சொல்லிக்கினு இருந்தீங்க" என்றார். பிறகு கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். "அப்ப எனக்கு இன்னிக்கு ராத்திரிதான், இல்லியா?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்வி ஒன்றுதான். கேட்பதற்கு அவர் இல்லை. எனக்கு இன்னும் தெரியாது.