ஈஸ்டர் தீவுக் கல்லுக்குக் கண் திறந்த கதை

இத்தாலியின் பலெர்மோவில் நான் துப்புரவு வேலைக்குப் போகும் வீட்டு அம்மா, நான் சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிறவர், ஈஸ்டர் தீவின் பெரிய கற்சிலைகளை ஆராய்கிறவர். அவற்றைப் போல ஒரு கல் தலையைச் செய்வித்து வரவேற்பறையில் வைத்திருந்தார். கண் இருக்கவேண்டிய இடத்தில் குழிகள் மட்டும் இருந்தன. ஒருநாள் வெள்ளைப் பவளத்தில் செய்த கண்களோடு வந்தார்.

"இதை வைச்சாத்தான் கல்லுக்கு உயிர் வரும் எண்டு அந்தத் தீவுச் சனம் நம்பினது," என்றார்.

"அப்ப முன்னுக்கு நிக்காதேங்கோ," என்று குளியலறைக் கண்ணாடியைக் கழற்றி வந்தேன். எங்கள் கோயில்களில் சாமிக்குக் கண் திறந்தால் முதல் பார்வை கண்ணாடியில்தான் விழவேண்டும். நான் பள்ளிக்கூடம் அதிகம் போனவள் இல்லை. கோயிலுக்குப் போகாமல் விட்டவளும் இல்லை. சிஞ்ஞோரா கல்லின் பின்னால் நின்று கைநீட்டிக் கண்களை வைத்தார்.

கண் திறந்தவரைப் பட்டினி போடலாமா? அன்று தொடக்கம் சீசா என்ற பலசரக்குக் கடையில் வாழைப்பழம் வாங்கி வந்து படைத்தேன்.

பிறகு பேத்தியின் கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போக விடுமுறை கேட்டேன்.

"ஓம், போங்கோ. இவருக்கு ஆர் சாப்பாடு வைக்கிறது?" என்றார் சிஞ்ஞோரா.

"நீங்கள்தான்."

"நானோ? கூட வேலை செய்யிற ஆக்கள் சிரிப்பினம்."

"அப்ப நான் போகேல்லை."

சிஞ்ஞோரா கல்லைப் பார்த்தார். கல்லும் அவரைப் பார்த்தது.

பேத்திக்குத் தாலி ஏறிய கையோடு போன் அடித்தது. சிஞ்ஞோரா ரகசியமாகக் கேட்டார்:

"வாழைப்பழம் முடிஞ்சுது. தோடம்பழம் வைக்கலாமோ?"

"உரிச்சு வையுங்கோ. அவருக்குக் கையில்லை."