நான் வாழைப்பழம் கேட்கவில்லை

இரண்டு வருடத்துக்கு முன், கணபதி விசர்ஜனத்துக்கு மறுநாள் காலை, பல் தேய்க்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனேன். நானும் விழுந்தேன். பக்கவாதம். வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. தமிழ்ச் சபையாரே, உங்களில் பாதிப் பேர் என் கட்டிலருகே நின்று ஜெபித்தவர்கள். அதனால் இந்தச் சாட்சியில் எதையும் மறைக்காமல் சொல்கிறேன். கொஞ்சம் கோபமாகவும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஜெபா, ஊர் பாளையங்கோட்டை. மறுவாழ்வு உளவியல் என் தொழில். கையோ காலோ பேச்சோ போனவர்கள் மனம் தேறி வேலைக்கும் வீட்டுக்கும் திரும்ப உதவுவது. இந்த மராட்டி ஊரின் போசரி பட்டறைகளில், தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் விரல் இழந்த தொழிலாளிகளைப் பற்றித்தான் என் ஆராய்ச்சி. அதற்காக ஆறு வருடம் பஸ் பஸ்ஸாக அலைந்திருக்கிறேன்.

விழுந்த அன்றே இங்கிலீஷ், ஹிந்தி, மராட்டி மூன்றும் துடைத்தாற்போல் போய்விட்டன. டாக்டர் பேசுவது வெறும் சத்தமாகக் கேட்டது. தமிழ் மட்டும் உள்ளே பத்திரமாக இருந்தது. ஆனால் வாயில் வந்தது ஒரே சொல். கேளு. என்னிடம் ஏதாவது கேளு, என் மொழியில் கேளு என்று சொல்லத்தான் தவித்தேன்.

மராட்டியில் வாழைப்பழத்துக்குப் பெயர் கேள. குழறுகிற நாக்கில் இரண்டும் ஒன்றுதான்.

நான் "கேளு" என்பேன். வார்டு ஆயா, இங்கே மாவ்ஷி என்பார்கள், ஓடிப்போய் வாழைப்பழம் கொண்டுவருவாள். என் கணவர் அஜய் மராட்டியக் கிறிஸ்தவர், எங்கள் வீட்டில் பேச்சு ஹிந்தியில்தான். பாவம், அன்பாக உரித்து ஊட்டுவார். தலையை ஆட்டி மறுபடி "கேளு" என்றால் இன்னொரு பழம் வரும். ஒருநாள் ஆத்திரத்தில் ஒன்றைச் சுவரில் எறிந்தேன். அதையும் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார்கள்.

மூன்றாம் வாரம் மானசி பரிசோதிக்க வந்தாள். நான் பயிற்சி கொடுத்த பெண். அவள் கையில் இருந்தது நான் தயாரித்த படிவம். மராட்டி, ஹிந்தி, இங்கிலீஷ் என்று மூன்றே பத்தி. தமிழுக்கு இடம் இல்லை. இடம் வைக்காதவள் நானே, யாரைக் குறை சொல்ல? படம் படமாகக் காட்டினாள். எல்லாவற்றுக்கும் "கேளு" என்றேன். கடைசியில் அடிக்கட்டத்தில் டிக் போட்டாள். புரிந்துகொள்ளும் திறன் இல்லை, வேலைக்குத் தகுதி இல்லை. அந்த டிக் விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ பேருக்கு நானே போட்டிருக்கிறேன். என் வேலை போகும், ஆராய்ச்சி வேறு கைக்குப் போகும், மிச்ச நாளெல்லாம் என்னைக் குழந்தையாக வைத்து ஊட்டுவார்கள்.

நீங்களும் வந்தீர்கள். உங்களுக்குத் தமிழ் தெரியும். ஆனால் வந்தவுடன் கண்ணை மூடிக்கொண்டீர்கள், ஆமென் சொன்னதும் செருப்பைத் தேடினீர்கள். ஒரு சகோதரர் மட்டும் குனிந்து சொன்னார். "உலக ஞானத்த நம்புனதுக்கு ஆண்டவர் குடுத்த சிட்சை, சிஸ்டர். இனி இந்த சைக்காலஜிய விட்டுருங்க." நான் "கேளு" என்றேன். அவர் "ஆமென்" என்றார்.

அன்று மதியம் ஆண்டவரோடு சண்டை போட்டேன். அதற்கு ஜெபம் என்று பெயர் வைத்தால் வைத்துக்கொள்ளுங்கள். மரியாதையாகக் 'கேளும்' என்று சொல்ல அந்தக் கடைசி 'ம்' வரவில்லை. மோட்டுவளையைப் பார்த்து "கேளு, கேளு" என்று கத்தினேன். உமக்குமா அது வாழைப்பழம் என்று கேட்கிறது என்று உள்ளே குமுறினேன். நான் சாகப் பயப்படவில்லை. உயிரோடு இருக்கும்போதே என்னை இல்லை என்று எழுதியதைத்தான் ஏற்க மாட்டேன் என்றேன்.

மறுநாள் காசிம் பாய் வந்தார். கடையநல்லூர்க்காரர். போசரியில் பிரஸ்ஸில் மூன்று விரல் போய், என்னிடம் சிகிச்சைக்கு வந்தவர். இப்போது பிம்ப்ரியில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார்.

"என்ன மேடம், இப்படிப் படுத்துக் கெடக்கீங்க?"

"கேளு."

மாவ்ஷி பழத்தோடு வந்தாள். காசிம் பாய் இரண்டு விரல் கையை நீட்டி அவளைத் தடுத்தார். அஜயிடம் ஹிந்தியில் சத்தம் போட்டார். இவங்க பழம் கேட்கவில்லை, தமிழில் ஏதாவது கேள் என்கிறார்கள், இத்தனை நாளாக யாராவது கேட்டீர்களா என்று. அன்று எனக்கு அது வெறும் சத்தம்தான், பிறகு அஜய் சொல்லித் தெரிந்தது. அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கேக்கேன் மேடம். அவசரமில்ல. என்ன வேணும், சொல்லுங்க."

அவர் காத்திருந்தார். எனக்கு வியர்த்துவிட்டது.

"ஃபா...ரம்" என்றேன்.

அஜய் சொல்லியனுப்ப, சாயங்காலமே மானசி படிவத்தோடு வந்தாள். காசிம் பாய் தமிழில் கேட்டார், நான் சொன்னேன், அவர் அவளுக்கு ஹிந்தியில் சொன்னார். சீப்பு. குடை. பூட்டு. ஒவ்வொன்றும் கல்லைப் பெயர்க்கிற மாதிரி வந்தது, ஆனால் வந்தது. கடைசிப் படத்தை மானசி என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"வாளப்பளம்" என்றேன்.

ழகரம் வரவில்லை. எங்கள் ஊரில் நல்ல உடம்போடு இருப்பவர்களுக்கே அது வராது. அஜய் சுவரில் சாய்ந்து அழுதார். மானசி அந்த டிக்கின் மேல் கோடு கிழித்தாள்.

ஒரு வருடம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். இடது கையால் எழுதுகிறேன். ஹிந்தி வந்துவிட்டது, இங்கிலீஷ் நொண்டுகிறது. சைக்காலஜியை விடவில்லை, விடவும் மாட்டேன். ஆண்டவர் என் தொழிலைத் தண்டிக்கவில்லை, திருத்தினார். என் படிவத்தில் இப்போது முதல் கேள்வியே, வீட்டில் என்ன மொழி என்பதுதான். பழைய ஃபைல்களில் நான் டிக் போட்ட ஆட்களைத் தேடிப்போய் மறுபடி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் ஜெபத்துக்குப் பதிலாக ஒரு முஸ்லிம் சகோதரர் வந்தார். இதைச் சாட்சியில் சொல்ல வேண்டாம் என்று சிலர் சொன்னீர்கள். சொல்லிவிட்டேன். யாரை அனுப்புவது என்பது ஆண்டவர் இஷ்டம்.

வார்த்தை வராதவர்களே, மரியாதை வராதவர்களே, ஒரே சொல் இருந்தாலும் அவரிடம் கத்துங்கள். அவருக்கு அது சரியாகத்தான் கேட்கிறது. மற்றவர்களே, நோயாளியைப் பார்க்கப் போனால் கண்ணை மூடுவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் வரும்வரை உட்கார்ந்திருங்கள். என்னைப் பார்க்க வந்தால் மட்டும், தயவுசெய்து, வாழைப்பழம் வாங்கி வராதீர்கள்.