அர்த்தநாரி பொறுக்கிய கல்

எங்கள் பனியன் கம்பெனியில் அர்த்தநாரி என்றால் யாருக்கும் தெரியாது, 'ரிஜெக்ட்' அர்த்தநாரி என்றால்தான் தெரியும். தைத்து வரும் உருப்படிகளைச் செக்கிங் செய்பவர். கடுகளவு எண்ணெய்க் கறை இருந்தாலும் முகம் பார்க்காமல் திருப்பி எறிவார். நான் பேக்கிங்காரன், அவர் புண்ணியத்தில் எனக்கு வேலை குறைவு. சம்பள நாளன்று டெய்லர் பெண்கள் கூட்டமாகப் பீட்சா சாப்பிடக் கிளம்புவதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவரும் அவரைக் கூப்பிட்டதில்லை. பீட்சாவையே திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று பயம்.

கடைசியில் அவரே அவர்களைக் கூப்பிட்டார். நல்லூரில் தன் வீட்டுக் கொல்லையில் விறகடுப்பு கட்டுகிறாராம், ஞாயிற்றுக்கிழமை பீட்சா அங்கேதானாம்.

அவரிடம் அதிகம் ரிஜெக்ட் வாங்கிய கருத்தம்மா முன்னால் வந்தாள். “நல்லா இல்லேன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிப்புடுவோம் சார்.”

“சொல்லுங்க, சொல்லோணும்” என்றார்.

அடுப்பின் கூண்டைக் கொத்தனார் கட்டினார். பீட்சா வேகும் தளத்துக்குக் கல் பொறுக்குவதை மட்டும் அர்த்தநாரி யாரிடமும் விடவில்லை. பல்லடம் ரோட்டில் லிங்கசாமியின் செங்கல் கடைக்கு என்னையும் இழுத்துப் போனார்.

“ஃபயர் பிரிக்குங்க. சாயப்பட்டறை பாய்லருக்கே இதுதான் போகுது” என்று வெளிர்மஞ்சள் கல் ஒன்றை நீட்டினார் லிங்கசாமி.

“புள்ளி புள்ளியா இருக்குதுங்களே?”

“அது கல்லோட சுபாவமுங்க.”

“கறைங்க.” அவ்வளவுதான், பாய்லர் சூட்டையே தாங்கும் கல் ரிஜெக்ட் ஆனது. பிறகு சுவர் கட்டும் செங்கல் குவியலில் உட்கார்ந்து, ஒரே ஷேடாகப் பார்த்துப் பார்த்து எடுத்தார். ஒவ்வொன்றையும் தராசில் வேறு வைத்தார். லிங்கசாமி என்னைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன்.

அதோடு விட்டாரா? துணி சுருங்குமா என்று நனைத்துப் பார்ப்பதுபோல, சனிக்கிழமை அத்தனை கல்லையும் தொட்டியில் ஊறப் போட்டுவிட்டார்.

“ஏனுங்க, சோப்புப் போடலீங்களா?” என்றார் அவர் மனைவி சாரதாமணி.

காலையில் டேப் பிடித்து அளந்தார். ஒரு கல்லும் சுருங்கவில்லை, பரம திருப்தி. ஈரத்தோடு பரப்பி, விருந்தாளிகள் வந்ததும் விறகை அடுக்கிப் பெருந்தீயாக மூட்டினார்.

படார் என்றது. மறுபடி படார். கல் குடித்த தண்ணீர் ஆவியாகி அதைப் பிளந்துகொண்டு வந்தது. பெண்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்கள். இவர் விடாப்பிடியாகச் சில்லுகளைப் பெருக்கிவிட்டு அந்தத் தளத்தின்மேலேயே பீட்சாவைத் தள்ளினார்.

கருத்தம்மா முதல் கடி கடித்தாள். நறநறவென்று சத்தம் எனக்கே கேட்டது. துண்டைத் திருப்பி, சட்டையின் உள்தையல் பார்ப்பதுபோல அடிப்பக்கத்தைப் பார்த்தாள். “மேல நல்லாத்தேன் இருக்கு. அடியில பூரா செங்கப்பொடி.”

அர்த்தநாரிக்கு முகம் செத்துவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது.

“என்ற தப்புதானுங்க. கடையில சொல்லி வாங்கிக்கலாம்” என்று போனை எடுத்தார்.

“அதெப்படி?” என்றாள் கருத்தம்மா. “நாங்க தச்சது கோணலாப் போனா கடையிலயா வாங்கித் தாரோம்? பிரிச்சுத் தச்சுத்தான தாரோம். நீங்களும் கல்லப் பிரிச்சு மாத்துங்க சார். அடுத்த ஞாயித்துக்கெழம வாரோம்.”

அவர் போனைக் கீழே வைத்தார்.

“எல்லாருமேங்களா?” என்று கேட்டார். அத்தனை வருடத்தில் அவர் எங்களிடம் இவ்வளவு மெதுவாக எதையும் கேட்டதில்லை.