பதினான்காம் வரிசை

மாடியில் குடியிருக்கும் அக்காக்களுக்கு,

செவ்வாய்க்கிழமை காலை ஷிப்ட் பஸ் வந்து நின்றபோது நான் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். எல்லோரும் இறங்கினார்கள், முத்துமாரி அக்காவைத் தவிர. சாந்தி அக்கா என்னிடம் வந்து, "மாரி போயிட்டாடி" என்றார். "எந்த ஊருக்குக்கா?" என்று கேட்டேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மாரி அக்கா சங்கரன்கோவில் பக்கம். கம்பெனி லைனில் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு, எங்கள் வீட்டு மாடிப்படியில் காலை நீட்டி உட்காருவார். என் மடியில் அண்ணன் விட்டுப்போன லேப்டாப். பஸ்ஸில் அவர் வீடியோ பார்த்துக் கற்றதை இங்கே நான் தட்டிப் பார்ப்பேன். இருவருக்குமே டேட்டாபேஸ் புதிது. வேலையில் ஒரு பெண் மயங்கி விழுந்தபோது அவள் வீட்டு ஃபோன் எண் யாருக்கும் தெரியவில்லையாம். "ஃபோன் லாக்கர்ல கெடக்கும், நாம லைன்ல கெடப்போம். நம்பரு வேற எங்கயாச்சும் இருக்கணும்லா?" என்றார். அப்படித்தான் உங்கள் எல்லோருடைய ஃபோனிலும் இருக்கும் அந்தச் சின்ன ஆப் பிறந்தது. அதில் பெயரும் வீட்டு ஃபோன் எண்ணுமாக ஆளுக்கொரு வரிசை. மாரி அக்காவுடையது பதினான்காவது.

இனி எழுதப்போவது உங்களுக்குத் தெரியாது. சாந்தி அக்காவின் அம்மா புது சிம் வாங்கியபோது எண்ணை மாற்றியது நான். பழையதை மாற்றும் UPDATE கட்டளையை எழுதினேன். யாருடைய வரிசை என்று சொல்லும் WHERE பகுதியை எழுத மறந்தேன். முப்பத்திரண்டு பேருக்கும் வீட்டு எண்ணாக அந்த ஒரே எண் ஏறிவிட்டது.

"இன்னாக்கா, எல்லாம் பூட்ச்சே!" என்று மாரி அக்காவிடம் அழுதேன்.

"அழாதட்டி. சொன்னா கேக்காம இருக்க அது என்ன ஒன் அண்ணனா? சொன்னத அப்படியே செஞ்சிருக்கு."

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நோட்டோடு அறை அறையாக ஏறி இறங்கினார். "சும்மா சரிபாக்கோம்" என்று உங்களிடம் சொன்னார். என் பெயரைச் சொல்லவே இல்லை. அதன்பின் எனக்கு ஒரே கட்டளை: "மொதல்ல யாருன்னு பாரு, பொறவு கை வையி." எதையும் மாற்றாமல் எடுத்துக் காட்டமட்டும் செய்யும் SELECT போட்டு, வருவது சரியான வரிசைதானா என்று பார்த்த பிறகே UPDATE.

எல்லோரையும் கேட்டவர் தன்னுடையதை நோட்டில் எழுதவில்லை. நோட்டைப் பார்த்துத் தட்டிய நானும் முப்பத்திரண்டு இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை இரவு, மாரி அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகக் கம்பெனியிலிருந்து தகவல் வந்ததும், அறையில் இருந்த கவிதா அக்கா ஆப்பைத் திறந்து அழைத்தார். எடுத்தது சாந்தி அக்காவின் அம்மா. தன் மகளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அவர் அலற, விஷயம் விளங்கவே வெகுநேரம் ஆயிற்று. தண்டலம் ஆஸ்பத்திரியில் மாரி அக்காவுக்கு அதுவரை நினைவு இருந்ததாம். அம்மாவிடம் பேசவேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

அவசரத்தில் தப்பான எண்ணை அழுத்திவிட்டதாக நினைத்துக் கவிதா அக்கா சாப்பிடாமல் இருக்கிறார். அக்கா, நீங்கள் சரியாகத்தான் அழுத்தினீர்கள். தப்பு என்னுடையது.

இந்த நடுராத்திரியில் அப்பா விழித்தால் லேப்டாப்பைப் பிடுங்கிக்கொள்வார். காலையில் இதைப் படித்ததும் நீங்கள் என்னை மாடிப்படியில் ஏறவிடுவீர்களா, தெரியவில்லை. ஏறினாலும் அங்கே யார் இருக்கிறார்கள்?

அவருடைய நோட்டும் அந்த ஒரு கட்டளையும் என்னிடம் இருக்கின்றன. சற்றுமுன் SELECT போட்டேன். ஒரே வரிசை வந்தது: முத்துமாரி. பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு, லாக்கரிலிருந்து திரும்பி வந்த அவர் ஃபோனில் கிடைத்த அவர் அம்மாவின் எண்ணை ஏற்றினேன். பள்ளிக்குக் கிளம்புமுன் அந்த எண்ணை அழைப்பேன். எடுத்ததும் நான் யார் என்பதை முதலில் சொல்வேன்.