அப்பாவின் வலது கையில் எரிந்த விளக்கு

ஸ்வீடனில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்குக் காலையில் போனதும், முழங்கையை மூடும் பின்னல் உறை ஒன்றை மாட்டிக்கொண்டு டிரெட்மில்லில் நடக்க வேண்டும். கை மடங்கி நீளும்போது உறையின் நூல் கொஞ்சம் மின்சாரம் தரும். கணினியில் அது கோடாக ஓடும். இதற்குச் சம்பளம் என்றால் என் ஊர் ஜலகண்டாபுரத்தில் யாரும் நம்பமாட்டார்கள். அங்கே எங்கள் வீட்டில் விசைத்தறி. கரண்ட் போனால் தெருவே அடங்கிவிடும். அப்பா வாசலுக்கு வந்து கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஐப்பசியில் ஒருநாள் தம்பி அழைத்தான். பக்கவாதமாம், வலது கை விழுந்துவிட்டதாம். "அக்கா, அப்பா படுத்துட்டாரு" என்றான். உடன் வேலை செய்யும் இங்ரிடிடம் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். நல்லது, ஓய்வெடுக்கட்டும் என்றாள். திருத்தத் தோன்றவில்லை. டிரெட்மில்லில் ஏறி நடந்தேன். கோடு வழக்கம்போல ஓடியது. அழுகை வரவில்லை.

அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது, கழித்துப்போட்ட உறை ஒன்றைக் கேட்டு வாங்கிப் போயிருந்தேன். அதில் மிளகளவு விளக்கு ஒன்று. அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். இடது கையில் மாட்டி மடக்கச் சொன்னேன், மினுங்கியது. துணியைத் தடவிப் பார்த்தார். நூல் எங்கே கிடைக்கிறது என்று கேட்டார். பிறகு, "அந்தக் கைக்குப் போடு சாமி" என்றார்.

போட்டேன். வெகுநேரம் முயன்றார். நெற்றி வியர்த்ததே தவிர, கை அசையவில்லை. நான் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல மடக்கினேன். விளக்கு எரிந்தது.

"எரியுது பாரு."

பொய்யாக நம்பவைக்க மனமில்லை. "நாந்தானுங்கப்பா மடக்கறேன்" என்றேன்.

"தெரியுது சாமி. இருந்தாலும் எரியுதில்ல. மடக்கு."

ஊரில் இருந்த நாளெல்லாம் மடக்கினேன். கிளம்பும்போது அம்மாவுக்குப் பழக்கிவிட்டு வந்தேன்.

தை மாதம் அம்மா அழைத்தபோது பேருந்து நிறுத்தத்தில் பனியில் நின்றிருந்தேன். போனை எடுக்க ஒரு கையுறையைக் கழற்றினேன். "அப்பாவுக்கு ரெண்டு வெரலு தன்னால மடங்குதுங் கண்ணு, காலைல நானே பாத்தேன்" என்றாள். பின்னால் தறிச் சத்தம். பேருந்து வந்தது, போனது. போனைப் பிடித்திருந்த கை மரத்துவிட்டது. மற்றது கையுறைக்குள் வெதுவெதுப்பாக இருந்தது.